ஆன்லைன் பாடங்களில் இழுத்துப் பொருத்தும் கேள்விகளை எப்படி அமைப்பது?

கேள்வியின் சுருக்கம்: "எங்கள் பயிற்சிப் பாடத்தை மூடுல் என்ற ஆன்லைன் பாட மென்பொருளில் வைத்திருக்கிறோம். டிராக் அண்ட் டிராப் பொருத்துக கேள்விகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பாடத்தைப் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்குகிறார்கள். எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?"

மருத்துவமனை ஊழியர்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் தமிழில் ஆன்லைன் பாடம் தயாரிப்பது என் வேலை. அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன். உங்கள் துறை வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மூடுல் அமைப்புகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். படித்தவரும் படிக்காதவரும் ஒரே மதிப்பெண் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது தவறான ஜோடிகளை. சரியான ஜோடிகளை எழுதுவது சுலபம், அவை பாடத்திலேயே இருக்கின்றன. ஒரு பொருத்துக கேள்வியில் தவறாகச் சேர்க்க வாய்ப்புள்ள ஜோடிகள் எவை, அவற்றை வேலையிடத்தில் ஒருவர் உண்மையிலேயே அப்படிச் சேர்த்துவிடுவாரா என்பதில்தான் கேள்வியின் தரம் இருக்கிறது.

வழக்கமாகப் பார்க்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம்: ரத்த வகைகளைக் கண்டறிந்தவர், உடலின் இயல்பான வெப்பநிலை, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள், சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். வலப்பக்கம்: ஹீமோகுளோபின், கார்ல் லாண்ட்ஸ்டைனர், ஹெப்பாரின், 37 டிகிரி செல்சியஸ். மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். 'கண்டறிந்தவர்' என்றால் ஆள் பெயர், 'வெப்பநிலை' என்றால் எண். இரண்டு முடிந்தது. ஹீமோகுளோபின் பள்ளிக்கூடத்தில் கேட்ட பெயர். மிச்சம் இருப்பது ஒன்று, அது தானாக விழும். நான்குக்கு நான்கு! இந்தக் கேள்வி சோதித்தது அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்பதை மட்டும்தான்.

எனவே வலப்பக்கம் இருப்பவை எல்லாம் ஒரே இனமாக இருக்கட்டும். எல்லாமே நிறம், அல்லது எல்லாமே மருந்து, அல்லது எல்லாமே ஆண்டு. மூடுலில் குறுவிடைக் கேள்விகளிலிருந்து தானாகவே பொருத்துக கேள்வியை உருவாக்கித் தரும் ஒரு வகை உண்டு. வேலை மிச்சம் என்று அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கேள்வி வங்கியில் அந்தப் பிரிவு முழுக்க ஒரே இனமாக இல்லாவிட்டால் மேலே சொன்ன மாதிரிக் கதம்பம்தான் வரும். அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. நான்குக்கு நான்கு, ஒவ்வொரு விடையும் ஒருமுறை மட்டும் என்று வைத்தால், மூன்று தெரிந்தவருக்கு நான்காவது இலவசம். நான்கில் மூன்று மட்டும் சரியாவது நடக்கவே நடக்காது. ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டால் மொத்தம் 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அதில் 9 விதத்தில் எதுவும் பொருந்தாது, 8 விதத்தில் ஒன்று, 6 விதத்தில் இரண்டு, ஒரே ஒரு விதத்தில் நான்கும் பொருந்தும். சராசரியாக ஒன்று. ஜோடிகளைப் பத்தாகக் கூட்டினாலும் சராசரியாகப் பொருந்துவது அதே ஒன்றுதான். ஆக, குருட்டாம்போக்கை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கழித்துக் கழித்து விடைக்கு வருவதைத்தான் தடுக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி தாளில் பொருத்துக கேள்விக்கு நான்கு குறியீட்டு வரிசைகள் கொடுத்திருப்பார்கள். ஒன்றிரண்டு ஜோடி தெரிந்தாலே மற்ற வரிசைகளை அடித்துவிடலாம். அங்கே ஓஎம்ஆர் தாள், வேறு வழியில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட முடிகிற ஆன்லைனில் அந்தப் பழக்கம் நமக்கு எதற்கு?

கழித்துக் கண்டுபிடிப்பதைத் தடுக்க இரண்டு வழி. வலப்பக்கம் கூடுதலாக ஒன்றிரண்டு விடைகள் வைக்கலாம், அல்லது ஒரே விடை பல இடங்களுக்குப் பொருந்தும்படி செய்யலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஏன் என்று ஒரு கேள்வியை முழுசாக உருவாக்கிக் காட்டுகிறேன்.

ரத்தம் எடுக்கும் டியூப்களின் மூடி நிறம் ஒவ்வொரு லேப் டெக்னீஷியனுக்கும் அத்துப்படியாக இருக்க வேண்டும். வழக்கமாக ஊதா மூடியில் ஈடிடிஏ, வெளிர் நீலத்தில் சோடியம் சிட்ரேட், சாம்பலில் சோடியம் ஃப்ளோரைடு, சிவப்பில் உறைதல் தடுப்பான் எதுவும் இருக்காது. 'நிறத்தையும் உள்ளிருக்கும் வேதிப்பொருளையும் பொருத்துக' என்று கேட்டால் மனப்பாடம்தான் வெளியே வரும். டாக்டர் எழுதுவது பரிசோதனையின் பெயரை. டெக்னீஷியன் கையில் எடுப்பது டியூப்பை. எனவே இழுக்கப்படுவது பரிசோதனைச் சீட்டாகவும் போய்ச் சேரும் இடம் டியூப்பாகவும் இருக்கட்டும்.

ஐந்து பரிசோதனைகள்: சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), பிடி-ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரம்), வெறும் வயிற்றுச் சர்க்கரை, கால்சியம், எச்பிஏ1சி. நான்கு டியூப்கள். எச்பிஏ1சி தான் இந்தக் கேள்வியின் முதுகெலும்பு. அதுவும் சர்க்கரை நோய்க்கான பரிசோதனை என்பதால் புதியவர்கள் சாம்பல் மூடியைத் தேடுவார்கள். ஆனால் அதில் பார்ப்பது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினை. வழக்கமாக ஊதாதான், சிபிசி போகிற அதே டியூப். ஒரு டியூப்புக்கு ஒரு பரிசோதனை என்று கட்டுப்பாடு வைத்திருந்தால் இந்தக் குழப்பத்தைச் சோதிக்கவே முடிந்திருக்காது. கால்சியமும் சும்மா வைத்ததல்ல. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஈடிடிஏ ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. கால்சியத்துக்கான ரத்தத்தை ஊதா டியூப்பில் எடுத்தால் முடிவு பொய்யாகக் குறைந்து வரும். இந்தத் தவறான ஜோடியைப் போட்டவருக்கு விளக்கம் கொடுக்கும்போது ஒரு முழுப் பாடமே நடத்திவிடலாம்.

ஐந்தாவதாகப் பச்சை மூடியையும் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். பச்சையில் இருப்பது ஹெப்பாரின். லித்தியம் ஹெப்பாரின் டியூப்பிலும் கால்சியம் பார்க்கலாம். விவரம் தெரிந்த ஒருவர் பச்சையில் போட்டு, கணினி தவறு என்று சொன்னால், அந்த ஆள் உங்கள் பாடத்தின் மீது வைத்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. கூடுதல் விடை ஏமாற்றலாம், ஆனால் எந்த நிலையிலும் சரியாகிவிடக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் இதே ஆபத்து இருக்கிறது. ரத்தத்தை உடனே சுழற்றிப் பிரித்துவிட்டால் சிவப்பு மூடியிலும் பார்க்கலாம். தாமதமானால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், அதனால்தான் ஃப்ளோரைடு. ஆகவே கேள்வியின் தலைப்பிலேயே "சாம்பிள் லேப்புக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் விடை ஒன்றாகிவிடும். கூடவே "ஒரே டியூப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தலாம்" என்ற வரியும் கட்டாயம். அது இல்லாவிட்டால் சரியான விடை தெரிந்தவர்கூட ஊதா ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று நினைத்து வேறு இடத்தில் போடுவார்.

வகைப்படுத்தும் கேள்விகளுக்கு இழுத்துப் போடுவது இன்னும் பொருத்தம். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறங்களில் கழிவைப் பிரிக்க வேண்டும். வார்டில் ஊழியர் செய்வதே எடுத்துப் போடும் வேலைதான், திரையிலும் அதையே செய்கிறார். இங்கே ஊசி வெள்ளைக்கு, கையுறை சிவப்புக்கு என்று சுலபமானவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்புக்குப் போகும், ஊசி ஒட்டியே இருக்கும் சிரிஞ்ச் வெள்ளைக்குப் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரத்தப் பையையும் சேருங்கள். பிளாஸ்டிக்தானே என்று சிவப்பில் போடுவார்கள், ஆனால் மிச்ச ரத்தம் இருப்பதால் அது மஞ்சள். உடைந்த கண்ணாடி மருந்துக் குப்பி கையைக் கிழிக்கும் என்பதால் வெள்ளைக்குப் போகும் என்று நினைப்பார்கள், அது நீலம். ஒவ்வொரு பொருளும் ஒரு தனி முடிவு, எதையும் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழில் கேள்வி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாக்கியத்துக்குள் கோடிட்ட இடம் விட்டுச் சொற்களை இழுத்துப் போடச் சொல்லும்போது நம் இலக்கணமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். 'நீலத் தொட்டி', 'சிவப்புத் தொட்டி', 'வெள்ளைத் தொட்டி', ஆனால் 'மஞ்சள் தொட்டி'. கோட்டுக்குப் பின்னால் ஒரு 'த்' நின்றால் மஞ்சள் இல்லை என்று தெரிந்துவிடும். வேற்றுமை உருபும் அப்படித்தான். விடைகளில் ஒன்று மட்டும் '-ஐ' என்றோ '-இல்' என்றோ முடிந்தால் அது எந்தக் கோட்டுக்கு என்று யோசிக்கவே வேண்டாம். 'போட வேண்டிய தொட்டியின் நிறம்:' என்று எழுதிவிட்டு வாக்கியத்தின் கடைசியில் கோடு வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இனி போன். பாடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் படிப்பார்கள், ஆனால் பாடம் தயாரிப்பவர் பெரிய திரையில் மவுஸை வைத்துச் சோதித்துவிட்டு வெளியிட்டுவிடுவார். சிறிய திரையில் சீட்டு மேலே, டியூப் கீழே, நடுவில் ஸ்க்ரோல். இழுக்கப் போனால் பக்கம் நகரும், பக்கத்தை நகர்த்தப் போனால் சீட்டு ஒட்டிக்கொண்டு வரும். விரலே இலக்கை மறைத்துவிடும். எனவே எல்லாம் ஒரே திரைக்குள் அடங்கும்படி ஐந்தாறு சீட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் ஓரிரு சொற்களுக்கு மேல் வேண்டாம். விட்ட இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்படி விளிம்பைத் தாராளமாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இழுக்காமலும் பதில் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும்: சீட்டைத் தட்டி, பிறகு இடத்தைத் தட்டினால் போய் உட்கார வேண்டும். கை நடுங்குபவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இது சலுகை கிடையாது, அடிப்படைத் தேவை. இணையப் பக்கங்களை உடல் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்த முடிவதற்காக 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டுதலும் இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் செய்ய வழி கேட்கிறது, தட்டும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கச் சொல்கிறது. விசைப்பலகையிலேயே முடிக்க முடிய வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே உள்ள விதி.

நிறத்தை மட்டும் நம்பும் கேள்விக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். நிறத்தின் பெயரையும், டியூப் லேபிளில் அச்சடித்திருக்கும் வேதிப்பொருளின் பெயரையும் படத்தின் மேல் எழுதிவிடுங்கள்.

மூடுலில் எந்த அமைப்பை மாற்றுவது என்று கேட்டீர்கள். முதலில் கேள்வி வகை. சாதாரணப் பொருத்துக வகையில் இழுப்பதே கிடையாது, கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்க எளிமையாக இருந்தாலும் போனிலும், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரிலும் பிரச்சினை தராது. கேள்விப் பகுதியைக் காலியாக விட்டு விடையை மட்டும் எழுதினால் அது கூடுதல் தவறான விடையாகிவிடும். ஒரே விடையை இரண்டு வரிக்குக் கொடுத்தால் பட்டியலில் ஒருமுறைதான் தெரியும். மதிப்பெண் போகும் தேர்வு என்றால் நான் இதையே எடுப்பேன். வாக்கியத்துக்குள் இழுக்கும் வகையும் படத்தின் மேல் இழுக்கும் வகையும் 2015-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மூடுலோடு சேர்ந்தே வருகின்றன. இவற்றில் விடைகளைக் குழுக்களாகப் பிரிக்கலாம். குழுவுக்கு ஒரு நிறம் விழும், ஒரு குழுவின் விடை அதே குழுவின் இடத்துக்குத்தான் போகும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குழு என்று வைத்துவிட்டால் நிறமே விடையைச் சொல்லிவிடும், கவனம். ஒரே விடையைப் பலமுறை பயன்படுத்த 'அன்லிமிடெட்' பெட்டியில் டிக் போட வேண்டும்.

மூடுலுக்குள்ளேயே வைக்கக்கூடிய எச்5பி என்ற கருவி பயிற்சிக்கு மிக நல்லது. ஒவ்வொரு இடத்துக்கும் சரியானால் ஒரு விளக்கம், தவறானால் ஒரு விளக்கம் என்று தனித்தனியாக எழுதலாம். மூடுலின் பொருத்துக வகையில் அது இல்லை, முழுக் கேள்விக்கும் பொதுவாகத்தான் எழுத முடியும். ஆனால் எச்5பி விடையைத் திருத்துவது படிப்பவரின் உலாவியிலேயே. விடையும் அங்கேயே இருக்கும் என்பதால் சான்றிதழுக்கான தேர்வை அதில் வைக்காதீர்கள். அப்புறம், எந்த டியூப்பில் முதலில் ரத்தம் எடுப்பது என்பது போன்ற வரிசைகளைப் பொருத்துக கேள்வியாகத் திணிக்க வேண்டாம். 4.4 பதிப்பிலிருந்து அதற்கென்றே வரிசைப்படுத்தும் வகை மூடுலில் இருக்கிறது. அதில் மதிப்பெண் முறையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இடத்தை வைத்து மதிப்பெண் போட்டால், முதல் டியூப் ஒன்று கடைசிக்குப் போனதற்காக மற்ற எல்லாமே தவறாகிவிடும்.

இப்போது இருக்கும் கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வினாடி வினாவின் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்து, கேள்வியின் பெயரைச் சொடுக்கினால் விடைகளின் அலசல் வரும். எந்த வரிக்கு எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று அதில் தனித்தனியாக இருக்கும். யாருமே தொடாத தவறான விடையை எடுத்துவிட்டு, வேலையிடத்தில் உண்மையாக நடக்கும் குழப்பம் ஒன்றை அங்கே வையுங்கள். எவை உண்மையான குழப்பங்கள் என்று தெரியவில்லையா? பத்து வருடம் அந்த வேலை பார்த்த மேற்பார்வையாளரிடம் "புதுசா வர்றவங்க எதை எதோட மாத்திப் போடுவாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.