'ரோபோ' எந்த ஆண்டுச் சொல்? முதற் பயன்பாட்டைத் தேடும் முறை

கல்முனையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், பாடசாலைக் கண்காட்சிக்காக அறிவியல் புனைகதைகளில் பிறந்த தொழில்நுட்பச் சொற்களின் அட்டவணையைத் தயாரிக்கிறார். ஒரே சொல்லுக்கு இணையத்தில் வெவ்வேறு ஆண்டுகள் கிடைப்பதால் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறார்.

சொல்லை ஆக்கியவர், அது முதலில் அச்சேறிய இடம், அதைப் பரப்பிய நூல் ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகக் கலந்துவிடுவதே இம்முரண்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம். 'ரோபோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 1920இல் நூலாக வெளிவந்து 1921இல் மேடையேறியதால் இரண்டு ஆண்டுகளும் உலவுகின்றன. ஆனால் நாடகத்தில் வரும் செயற்கை மனிதர்களுக்கு 'லபோரி' என்று பெயரிட எண்ணியிருந்த தமக்கு 'ரோபோட்' என்பதைச் சொன்னவர் ஓவியரான தம் அண்ணன் யோசெப் என்று கரேலே 1933இல் எழுதியிருக்கிறார். கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா' என்ற செக் சொல்லே அதன் வேர். மேலும், அந்நாடகத்து ரோபோக்கள் உலோக இயந்திரங்கள் அல்ல. செயற்கை உயிர்ப்பொருளால் ஆக்கப்பட்ட மனித உருவங்கள். ஆகவே 1920க்கு எதிரே உலோகப் பொம்மையின் படத்தை ஒட்டினால் ஆண்டு சரியாக இருந்தும் பொருள் பிழைத்துவிடும்.

கதைத் தொகுப்பின் ஆண்டை நம்பாமல், கதை முதலில் வந்த சஞ்சிகை இதழைத் தேடுங்கள். ஐசாக் அசிமோவின் 'ஐ, ரோபோட்' தொகுப்பு 1950இல் வந்தது. 'ரோபோட்டிக்ஸ்' என்ற சொல்லோ 1941 மே மாதச் சஞ்சிகையில் வெளியான அவரது கதையிலேயே இருக்கிறது. 'சைபர்ஸ்பேஸ்' அவ்வாறே வில்லியம் கிப்சனின் 1984ஆம் ஆண்டு நாவலால் பரவினாலும், 1982இல் வெளியான அவரது சிறுகதையில் முன்னரே வந்துவிட்டது.

இதற்கு மிகவும் பயன்படுவது, ஜெசி ஷைட்லோவர் தொகுத்து 2021இல் இணையத்தில் வெளியிட்ட அறிவியல் புனைகதை வரலாற்று அகராதி. ஒவ்வொரு சொல்லுக்கும் தேதியிட்ட மேற்கோள்களை அதில் இலவசமாகப் பார்க்கலாம். இச்சொற்கள் நம் இலங்கைத் தமிழ் அச்சில் எப்போது நுழைந்தன என்று மாணவர்கள் தேட விரும்பினால், நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலுள்ள பழைய சஞ்சிகைகளில் தொடங்கலாம். 'ரோபோ', 'றோபோ', 'இயந்திர மனிதன்' என எல்லா வடிவங்களிலும் தேடுவது அவசியம்.

அட்டவணையில் 'கண்டுபிடித்தவர்' என்ற தலைப்பை நீக்கி, 'இதுவரை கிடைத்த முதற் சான்று' என்று எழுதி, இதழின் பெயரையும் மாதத்தையும் அருகில் குறிப்பிடுங்கள். இன்னும் பழைய சான்று அகப்பட்டால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும்.