மரம் அறுக்கும் மில் மூடிய பிறகு கல்லூரிக்குப் போனவர்கள்

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் மரத்தொழில் படுத்தபோது, வேலை இழந்தவர்களை அரசு கல்லூரியில் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் அந்தப் படிப்பு அவர்களுக்குப் பயன்பட்டதா? மனைவி, பிள்ளைகளுக்கும் வாய்ப்பு இருந்ததா?

பதில்:

பயன்பட்டது, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. என்ன படிப்பை எடுத்தார்கள், படிக்கிற காலத்தில் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்தன. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் (உள்ளூரிலேயே இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி), வேலை போன பிறகு படிக்க வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் புள்ளி ஆந்தை, அச்சுறுத்தலுக்குள்ளான இனம் என்று கூட்டாட்சிச் சட்டப் பட்டியலில் ஏறியது. அடுத்த ஆண்டே சியாட்டில் நீதிபதி வில்லியம் டுவையர், அந்த ஆந்தை வாழும் தேசியக் காடுகளில் மர விற்பனைக்குத் தடை போட்டார். 1994இல், கூட்டாட்சிக் காடுகளில் மரம் வெட்டுவதைக் குறைத்த கிளிண்டன் அரசின் வடமேற்கு வனத் திட்டம் வந்தது. பழி மொத்தமும் ஆந்தை மேல் விழுந்தது, அது நியாயமில்லை. அதற்கு முன்பே மில்களில் இயந்திரங்கள் வந்து ஆள் குறைந்துகொண்டிருந்தது. தனியார் காட்டு மரங்கள் அறுபடாமலே ஜப்பானுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன.

வாஷிங்டன் சட்டமன்றம் 1991இல் செய்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததோடு அது நிற்கவில்லை என்பதுதான். பயிற்சியில் சேர்ந்தவருக்கு வேலையிழப்பு உதவித்தொகையை வழக்கமான காலத்துக்கும் மேல் நீட்டித்தார்கள். வீட்டுக் கடன் கட்டும் ஒருவர், ஃபீஸ் இல்லை என்பதற்காக மட்டும் இரண்டு வருஷம் வகுப்பில் உட்கார முடியாது. பட்டப்படிப்பின் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களைப் பாதிக்கப்பட்ட பகுதிகளிலேயே நடத்தவும், கட்டணச் சலுகையை வாழ்க்கைத் துணைக்கும் கொடுக்கவும் திட்டம் வைத்தார்கள். ஃபோர்க்ஸ் மாதிரி காட்டோரத்து ஊரில் இருப்பவருக்குப் பல்கலைக்கழகம் என்பதே மணிக்கணக்கில் வண்டி ஓட்டிப் போகவேண்டிய இடம். மனைவியையும் சேர்த்தது பெரிய விஷயம். கணவர் வேறு ஊருக்கு வேலை தேடிப் போக, உள்ளூரில் நர்சிங் படித்து வீட்டை நிறுத்தியவர்கள் பெண்கள்தான்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை. 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் வேலை இழந்தவர்களை (மரத்தொழிலாளர் மட்டுமில்லை, எல்லாத் துறையினரும்) ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுக்குச் சமமான படிப்பு, நீண்டகால வருமானத்தை ஆண்களுக்குச் சுமார் 9 விழுக்காடும் பெண்களுக்குச் சுமார் 13 விழுக்காடும் உயர்த்தியிருந்தது. கணக்கு, அறிவியல், மருத்துவம், தொழில்நுட்பம் சார்ந்த பாடங்களை எடுத்தவர்களுக்கு அது ஆண்களில் சுமார் 14 விழுக்காடு, பெண்களில் சுமார் 29 விழுக்காடு. மற்றப் பாடங்களில் பலன் மிகக் குறைவு. ஆக, சும்மா ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கினால் காலம்தான் போகும்.

ஆனால் பலன் தரும் அந்தப் பாடங்களைக் கண்டுதான், வேலை போய்ப் படிக்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். மரம் அளக்கும் வேலையில் இருந்த ஒருவர் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காருவார், அல்ஜீப்ரா என்றால் வாயே திறக்கமாட்டார். ஒருநாள், வெட்டிய ஒரு மரத்துண்டில் எவ்வளவு பலகை வரும் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். எழுந்து வந்து, சிறிய முனையின் விட்டம், நீளம், ஸ்கிரிப்னர் அட்டவணை (அந்த அளவுகளை வைத்து எவ்வளவு பலகை தேறும் என்று காட்டும் பட்டியல்) என்று விளக்கினார். விட்டம் இரண்டு மடங்கானால் பலகை நான்கு மடங்குக்கும் மேலே போகும் என்றார். அந்த எண்களைக் கரும்பலகையில் புள்ளி வைத்துக் கோடு போட்டோம். இருபடிச் சமன்பாட்டின் வளைவு வந்து நின்றது. அதன் பிறகு அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

சரி, இன்றைய நிலவரம். மரத்தொழிலாளருக்கென்று இருந்த அந்தப் பழைய திட்டங்களை இப்போது நம்பியிருக்க முடியாது. இறக்குமதிப் போட்டியால் வேலை இழந்தவர்களுக்கான கூட்டாட்சி உதவியும் 2022 ஜூலையிலிருந்து புதிய மனுக்களை அங்கீகரிக்கவில்லை. இருப்பது, வாஷிங்டன் சமுதாயக் கல்லூரிகளின் 'ஒர்க்கர் ரீட்ரெயினிங்' என்ற மறுபயிற்சித் திட்டம், மாநில உதவித்தொகை, பெல் கிராண்ட் என்ற கூட்டாட்சிக் கல்வி உதவித்தொகை. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா, இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தைக் கேட்கும். அப்போது மில் ஓடியிருக்கும், ஓவர்டைம் வந்திருக்கும், காகிதத்தில் ஆள் வசதியாகத் தெரிவார். 'உங்களுக்கு உதவி கிடையாது' என்று பதில் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. வேலை நீக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், இப்போதைய வருமானத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படி மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

பிள்ளைகளுக்கும் இதே வழிதான். அப்பாவோ அம்மாவோ வேலை இழந்திருந்தால், பிள்ளையின் விண்ணப்பத்துக்கும் மறுபரிசீலனை கேட்கலாம். உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வருஷத்தில் இருக்கும் பிள்ளை என்றால், வாஷிங்டனில் 1990இல் தொடங்கிய 'ரன்னிங் ஸ்டார்ட்' திட்டத்தில் கல்விக் கட்டணமில்லாமல் கல்லூரிப் பாடம் எடுக்கலாம். புத்தகச் செலவும் போக்குவரத்தும் கைக்காசுதான், அதற்கும் உதவி உண்டா என்று பள்ளி ஆலோசகரிடமே கேட்டுவிடுங்கள்.