பழைய மாடல் பேஸ் கிட்டாருக்கு எந்த பிரிட்ஜ் வாங்கலாம்? கனமானது போட்டால் சவுண்ட் கூடுமா?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த வரை இதுதான்: கோத்தகிரியில் சர்ச் குழுவில் வாசிக்கிறீர்கள், கையில் இருப்பது 1960-களின் ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் மாதிரி செய்த நாலு கம்பி பேஸ். பிரிட்ஜ் (கிட்டார் உடம்பில் கம்பிகள் வந்து உட்காரும் உலோகப் பாகம்) துருப்பிடித்து, சேடில் (அதில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) ஸ்க்ரூ திரும்பவே மாட்டேன் என்கிறது. கனமான பித்தளை பிரிட்ஜ் போடச் சொல்லி நண்பர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்.

நானும் குன்னூரில் சர்ச்சில் பேஸ் வாசிப்பவன்தான். கனமானது வேண்டாம் என்பேன். புது பிரிட்ஜே தேவைப்படாமலும் போகலாம்.

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. பனிமூட்டத்தில் ஈரம் ஏறி, டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கு எடுக்கும்போது பேஸ் இந்த நிலைமையில் இருக்கும். ஆனால் துரு முதலில் பிடிப்பது பிரிட்ஜின் அடித்தகட்டை அல்ல, சேடிலைத் தூக்கி நிறுத்தும் குட்டி ஸ்க்ரூக்களைத்தான். ஒரு சேடிலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. சேடில்களைக் கழற்றி ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். பிரிட்ஜ் கிட்டாரில் இருக்கும்போதே எண்ணெய் விடாதீர்கள், மரத்துக்குள் இறங்கிவிடும். ஸ்க்ரூவைத் திருகும் ஆறுமுனை ஆலன் கீ சரியான அளவுதானா என்றும் பாருங்கள். அமெரிக்க ஸ்க்ரூ அங்குலக் கணக்கு, ஆசியத் தயாரிப்புகள் பெரும்பாலும் மில்லிமீட்டர். கொஞ்சம் லூசான கீயை வைத்துத் திருகினால் கீ நுழையும் குழி வழுக்கிப் போய்விடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. ஸ்க்ரூ போயே போய்விட்டது என்றால் ஒன்றைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போங்கள். நட்டு போல்ட்டு கடைகளில் அதே மரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) கேட்டு வாங்கலாம். நீளம் முக்கியம். கூடுதலாக இருந்தால் சேடிலுக்கு மேலே நீட்டிக்கொண்டு, கையை வைத்துக் கம்பியை அடக்கும்போதெல்லாம் உள்ளங்கையைக் கிழிக்கும்.

தகடே வளைந்து பின்பக்கம் எழும்பியிருந்தால் கதை வேறு. கம்பிகளை முறுக்கி ட்யூனில் வைத்துக்கொண்டு, தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவது என்று முடிவானால் சவுண்டை மறந்துவிட்டு அளவை எடுங்கள். பழைய பிரிட்ஜைக் கழற்றி, அந்த இடத்தில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஓட்டைகள் அப்படியே பதிந்துவிடும். ஃபெண்டர் முறையில் ஐந்து ஓட்டை. கம்பிக்குக் கம்பி இடைவெளி சுமார் 19 மி.மீ. ஜப்பான் கோட்டோ நிறுவனத்தின் 201 இந்த ஐந்து ஓட்டையில் அப்படியே உட்காரும், புதிதாக டிரில் போட வேண்டியதில்லை. உங்கள் பேஸில் கம்பி உடம்பைத் துளைத்துப் பின்னாலிருந்து வருகிறதா, பிரிட்ஜிலேயே கோக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

உயரத்தை யாரும் சொல்வதில்லை. கனமான பிரிட்ஜின் அடிப்பாகம் தடிமனாக இருக்கும். சேடிலை முழுக்க இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால், நெக்கை (கிட்டாரின் நீளமான கழுத்தை) கழற்றி அது உட்காரும் குழியில், பிரிட்ஜ் பக்கத்து ஓரத்தில், மெல்லிய தக்கை வைத்துச் சாய்க்க வேண்டிவரும். பிரிட்ஜை மூடும் பழைய குரோம் மூடியும் அநேகமாக உட்காராது. சில பிரிட்ஜ்களில் சேடில், கம்பி உட்காரும் காடி வெட்டாமலே வரும், நாமேதான் அரம் போட வேண்டும்.

சரி, சவுண்ட்? கனமான பிரிட்ஜில் சுரத்தின் முதல் தாக்கு கொஞ்சம் கூர்மையாகும், நாதம் சற்று நீளலாம். காது கூர்ந்து கேட்டால் தெரியும், டிரம்ஸோடு சேர்ந்தால் எனக்குத் தெரிவதில்லை. ஜி கம்பியில் ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கம் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகிறதே என்று பிரிட்ஜ் மாற்றுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் நெக்கின் அதிர்வால் வருவது, பிரிட்ஜுக்குப் போட்ட காசு வீண்.

அதைவிட, நம் மலைச் சர்ச்சுகளில் நாதம் நீள வேண்டுமா என்று யோசியுங்கள். கல் சுவரும் உயர்ந்த கூரையும் ஏற்கெனவே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகின்றன. பேஸும் நீண்டால் பாட்டு குழம்பிவிடும். 1962 பிரசிஷனில் அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனி பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஃப்ளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பி போட்டு, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்து நாதத்தைக் குறைத்துத்தான் வாசித்தார். உங்களிடம் இருப்பது அதே ஜாதி பேஸ். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். ஸ்பாஞ்சை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, சேடிலை ஒட்டிக் கம்பிக்கு அடியில் செருகிப் பாருங்கள்.

பொருத்தும்போது ஒன்று. பிரிட்ஜுக்கு அடியில் சின்ன ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வரும், அதுதான் எர்த். அதன் தோலுரித்த முனை தகட்டில் அழுந்தித் தொட வேண்டும். ஆம்ப்பை ஆன் செய்து கம்பியைத் தொடுங்கள், இரைச்சல் குறைந்தால் சரி. கூடினால் திரும்பக் கழற்றுங்கள். மர ஓட்டை லூசாகியிருந்தால் பல்குத்தும் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, நன்றாகக் காய்ந்தபின் திருகுங்கள். கடைசியாக இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக நிற்கச் செய்வது: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கி நின்றால் நெக் பக்கம் தள்ளுங்கள். பழைய கம்பியில் இதைச் செய்யாதீர்கள், புதுக் கம்பி போட்டுவிட்டுச் செய்யுங்கள்.