பட்டம் கையில் இருக்கிறது, அங்கே செல்லுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்கிவிட்டேன். இனி எந்த நாட்டிலும் இந்தப் பட்டம் செல்லும் என்கிறார் ஏஜென்ட். அப்படித்தானா?

பதில்: இல்லை. அப்போஸ்டில் 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி தரப்படுவது. கையெழுத்து அசல், கையெழுத்திட்டவர் அதற்குரிய பதவியில் இருந்தவர், முத்திரை போலியல்ல என்ற மூன்றை மட்டுமே அது சொல்கிறது. நீங்கள் எத்தனை ஆண்டு படித்தீர்கள், அது எந்த நிலைக்குச் சமம், கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. உடன்படிக்கையில் சேராத நாடாக இருந்தால் அதுவும் உதவாது. தூதரகம் வழியாகத்தான் சான்றொப்பம் வாங்க வேண்டும். சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய குறிப்புகளை நம்பாமல், உங்கள் நாட்டுக்கும் போகும் நாட்டுக்கும் இடையே அது நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் பணம் கட்டும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இந்தத் தாளை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள், எதற்காக? மேற்படிப்பு என்றால் பெரும்பாலும் முடிவு நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கையில். குடியேற்றம் என்றால் அந்த நாட்டு அரசு பெயர் குறிப்பிட்டிருக்கும் மதிப்பீட்டு அமைப்பு. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர் போல உரிமம் கேட்கும் தொழில் என்றால் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றம். மென்பொருள் போல உரிமம் கேட்காத வேலைக்கு, விசா விதியைத் தவிர்த்துப் பார்த்தால், வேலை தருபவர் ஏற்றுக்கொண்டாலே போதும். ஒரு வாசலுக்காக வாங்கிய தாள் அடுத்த வாசலில் செல்லும் என்று எண்ணிப் பணத்தை இழப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: கனடாவுக்காகக் கல்வி மதிப்பீட்டு அறிக்கை வாங்கினேன். என் செவிலியர் படிப்பு இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று வந்துவிட்டது. போனதும் மருத்துவமனையில் வேலைக்குச் சேரலாமா?

பதில்: அந்த அறிக்கை குடியேற்றப் புள்ளிகளுக்கு மட்டுமே. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடியேற்ற விண்ணப்ப முறையில் அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டு செல்லும். விவரப்பதிவு செய்யும் நாளிலும், பிறகு நிரந்தர வதிவிட விண்ணப்பம் கொடுக்கும் நாளிலும் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். செவிலியராகப் பணியாற்ற, நீங்கள் போகும் மாகாணத்தின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பு உங்கள் படிப்பைத் தனியாகப் பார்க்கும். பாட நேரம், மருத்துவமனைப் பயிற்சி நேரம், சொந்த நாட்டுப் பதிவு, மொழித் தேர்வு எல்லாம் அங்கே மறுபடி கேட்கப்படும். எனவே புறப்படும் முன்பே அங்கும் கோப்பைத் தொடங்கிவிடுங்கள். நர்சிங் கல்லூரியிலிருந்து நேரடியாகப் போக வேண்டிய படிவங்களை வெளிநாட்டிலிருந்து துரத்துவது கடினம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005/36 எண்ணிட்ட உத்தரவு மருத்துவர், பொதுச் செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருத்துவச்சி, மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் என்ற ஏழு தொழில்களுக்குத் தானாகவே அங்கீகாரம் தருகிறது. ஆனால் அது ஒன்றியத்துக்குள் பெற்ற தகுதிகளுக்கானது. வெளியே படித்தவரை முதலில் ஏதேனும் ஓர் உறுப்பு நாடு தன் சட்டப்படி அங்கீகரிக்க வேண்டும். பிறகு அந்த நாட்டிலேயே 3 ஆண்டு தொழில் செய்து, அதற்கு அந்த நாடு சான்று தந்தால், மற்ற உறுப்பு நாடுகளில் அந்த உத்தரவின் பொது நடைமுறைப்படி விண்ணப்பிக்கலாம்; தானாகக் கிடைக்கும் அங்கீகாரம் அப்போதும் இல்லை. ஆகவே முதல் நாட்டைத் தேர்ந்தெடுப்பது சிறிய முடிவல்ல.

கேள்வி: நான் படித்தது மூன்று ஆண்டுப் பட்டம். வெளிநாட்டில் அது பட்டமாகவே கருதப்படாது என்கிறார்களே?

பதில்: நாட்டுக்கு நாடு, சில நேரம் ஒரே நாட்டுக்குள் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். ஐரோப்பாவில் பட்டப் படிப்புகளின் அமைப்பை ஒத்ததாக்க 1999-இல் போலோனியா பிரகடனம் வந்த பிறகு இளநிலைப் பட்டம் 180 முதல் 240 கிரெடிட் வரை. ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் மூன்று ஆண்டு அங்கே இயல்பான காலம். ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்த நேரம் மட்டுமல்ல, வீட்டில் படித்ததும் தேர்வுக்குத் தயாரானதும் அந்தக் கணக்கில் வரும். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டு, 120 செமஸ்டர் கிரெடிட். அங்கே அரசு மதிப்பீட்டு அலுவலகமே கிடையாது. தனியார் அமைப்புகள்தான் மதிப்பிடுகின்றன. ஒரே மூன்று ஆண்டுப் பட்டத்தை ஒன்று முழுப் பட்டம் என்றும், இன்னொன்று மூன்று ஆண்டு இளநிலைப் படிப்பு என்றும் எழுதித் தரலாம். அறிக்கை போய்ச் சேரப்போகும் பல்கலைக்கழகமோ நிறுவனமோ யாருடைய அறிக்கையை ஏற்கிறது என்று கேட்டுவிட்டு அங்கேயே அனுப்புங்கள்.

அமெரிக்காவின் எச்-1பி என்ற வேலை விசாவில், குறையும் ஒவ்வோர் ஆண்டுப் படிப்புக்கும் அந்தத் துறையில் 3 ஆண்டு அனுபவத்தை ஈடாகக் காட்டும் விதி உண்டு. அதற்குப் பழைய நிறுவனங்களிடமிருந்து வெறும் பணிக்காலச் சான்று போதாது. என்ன வேலை செய்தீர்கள், உடன் பணியாற்றியவர்களும் மேலாளரும் பட்டதாரிகளா என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஜெர்மனியில் மேற்படிப்புக்கு என் மதிப்பெண்ணை எப்படி மாற்றுகிறார்கள்? 10-க்கு 7.5 வாங்கியிருக்கிறேன்.

பதில்: அங்கே 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சியின் கடைசி எல்லை. மாற்றப்பட்ட பவேரிய வாய்பாடு என்பதைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவதை 3-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி எல்லை 4 என்றால் 2.5-ஐ 6-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட 2.25 வரும். தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.5-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும், விடை 2.5. நீங்கள் வாங்கிய மதிப்பெண் ஒன்றுதான், தேர்ச்சி எல்லை மட்டுமே மாறியது. 2.5-க்கு மேல் போனவர்களைப் பரிசீலிக்காத துறைகள் பல இருப்பதால் இந்தக் கால் புள்ளி பெரிது. மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் தேர்ச்சி எல்லை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கடிதமாக வாங்கி இணையுங்கள். அது இல்லாதபோது அலுவலகம் தானாக ஓர் எல்லையை எடுத்துக்கொள்ளும், அது உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்களே சதவீதமாக மாற்றி விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

ஜெர்மனி என்பதால் இன்னொன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் பட்டங்களையும் மதிப்பிட்டுப் பட்டியலிடும் அனாபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எச்+ என்று பார்த்ததும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிறுவனத்துக்கான குறி மட்டுமே. உங்கள் பட்டத்தின் பெயரும் தனிப் பட்டியலில் சமமானது என்ற குறிப்போடு இருக்க வேண்டும். விசாவுக்கு இரண்டு பக்கங்களையும் அச்செடுங்கள். பட்டத்தின் பெயர் அங்கே இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் இசட்ஏபி என்ற மைய அலுவலகத்தின் ஒப்பீட்டுச் சான்று தேவைப்படும். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரைத் தேடிச் சோர்ந்துபோகிறார்கள். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

கேள்வி: ஆவணங்கள் முழுமையில்லை என்று என் மதிப்பீட்டுக் கோப்பு நின்றுபோயிருக்கிறது. எல்லாம் அனுப்பினேனே, எங்கே தவறியிருக்கும்?

பதில்: பெரும்பாலும் உறையில். மூடி முத்திரையிட்ட உறையைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அமைப்புக்கு, நீங்கள் வாங்கிப் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய உறை வெறும் நகல்தான். ஒட்டிய இடத்தின் குறுக்கே பதிவாளர் அல்லது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். உங்கள் கோப்பு எண்ணை உறையின் மேல் எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத உறைகள் போய்ச் சேர்ந்தும் எந்தக் கோப்புக்குரியவை என்று தெரியாமல் கிடக்கும். மின்னஞ்சலில் அனுப்புவதை ஏற்கும் இடங்களிலும் பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள்; பொது மின்னஞ்சல் முகவரி செல்லாது.

அடுத்தது பெயர். சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. அல்லது திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கிறது. இரண்டும் ஒருவரே என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரம், திருமணச் சான்று, அரசிதழ் அறிவிப்பு ஆகியவற்றில் எதை ஏற்கிறார்கள் என்று கேட்டு முதல் தவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.

தற்காலிகச் சான்றிதழைப் பட்டமாக ஏற்காத இடங்கள் உண்டு. பட்டமளிப்புக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒருங்கிணைந்த பட்டியல் மட்டும் அனுப்பினால் தோற்று மறுபடி எழுதிய தாள்கள் அதில் தெரியாது, அதனால் எல்லா செமஸ்டர் பட்டியலும் கேட்பார்கள். வேறு கல்லூரியிலிருந்து இடையில் மாறி வந்திருந்தால் பழைய கல்லூரியின் பட்டியலும் வேண்டும்.

மொழிபெயர்ப்பும் ஒரு சிக்கல். அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும், பட்டத்தின் பெயரை அந்த நாட்டுப் பட்டத்தின் பெயராக மாற்றி எழுதக்கூடாது. சமமா இல்லையா என்று தீர்மானிப்பது மதிப்பீட்டாளரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்துவிட்டால் ஆவணத்தின் மீதே சந்தேகம் வரும். மூலப் பெயரை ஒலிபெயர்த்து அப்படியே வைத்து, பக்கத்தில் நேர்ப்பொருளைத் தருவதே சரி.

கேள்வி: வாஷிங்டன் உடன்படிக்கையில் என் நாடு இருக்கிறது. பொறியியல் பட்டத்துக்கு அது போதுமா?

பதில்: நாடு இருந்தால் போதாது. பொறியியல் படிப்புகளை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்காக 1989-இல் தொடங்கிய இந்த உடன்படிக்கை, உறுப்பு அமைப்பு தரச்சான்று கொடுத்த பாடப்பிரிவுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே கல்லூரியில் இயந்திரவியலுக்குச் சான்று இருக்கும், சிவிலுக்கு இருக்காது. நாடு முழு உறுப்பினராவதற்கு முன் முடித்தவர்களுக்கும், பிரிவின் சான்று காலாவதியான ஆண்டில் முடித்தவர்களுக்கும் பலன் இல்லை. முடித்த ஆண்டு, பிரிவு இரண்டையும் பட்டியலில் சரிபாருங்கள். இருந்தாலும் அது படிப்புக்கான அங்கீகாரமே. பொறியாளர் உரிமத்துக்கு அனுபவமும் தேர்வும் தனி.

கேள்வி: விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பது பற்றிய 1997-இன் லிஸ்பன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே, கணிசமான வேறுபாடு இருப்பதாகக் காட்ட வேண்டியது மறுக்கும் அலுவலகத்தின் பொறுப்பு. விண்ணப்பதாரர் தன் படிப்பு சமம்தான் என்று வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை. ஆவணங்களை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால் போதும். மேல்முறையீட்டு உரிமையும் அதில் உண்டு. இதே பொருளில் உலகம் முழுவதற்குமான யுனெஸ்கோ உடன்படிக்கை 2019-இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச் 5 முதல் நடப்பில் உள்ளது. இவற்றில் உங்கள் நாடும் போகும் நாடும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மறுப்புக் கடிதம் சொல்லும் காரணத்தைப் பொறுத்தே பதில். பாட நேரம் குறைவு என்றால் நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு கொடுங்கள். இப்போதைய பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது பெரிய தவறு. பாடக் குறியீடுகள் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாமல் அதுவே அடுத்த மறுப்புக்குக் காரணமாகும். சில பாடங்கள் மட்டும் குறைகின்றன என்றால் பகுதி அங்கீகாரம் கேளுங்கள். குறையும் பாடங்களை மட்டும் அந்த நாட்டிலேயே படித்துத் தேர்வு எழுதினால் போதும், முழுப் படிப்பையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. தேதியைக் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போரில் எல்லாச் சான்றிதழ்களும் போய்விட்டன. பல்கலைக்கழகமும் பதில் தருவதில்லை. நான் படித்ததே இல்லை என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. லிஸ்பன் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது: ஆவணம் இல்லாத அகதிகளின் தகுதியை நியாயமான முறையில் மதிப்பிட வழி செய்யும்படி அது நாடுகளிடம் கேட்கிறது. ஐரோப்பிய கவுன்சில் அகதிகளுக்கான கல்வித்தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்குகிறது. விரிவான கேள்வித்தாளை நிரப்பிய பின், உங்கள் துறையை அறிந்தவர்களும் மதிப்பீட்டாளர்களும் நேர்காணல் செய்வார்கள். அது உரிமம் ஆகாது, ஆனால் பல்கலைக்கழகத்திலும் வேலையிலும் பேச்சைத் தொடங்க அதைக் காட்டலாம்.

நேர்காணலுக்கு முன் படித்த ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டின் பாடங்கள், ஆசிரியர்கள், ஆய்வேட்டின் தலைப்பு, தேர்வு நடந்த விதம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். துணைச் சான்றாக மாணவர் அட்டை, கட்டண ரசீது, நூலக அட்டை, வகுப்பு நிழற்படம், தேர்வு முடிவு வந்த நாளிதழ், பழைய வேலையின் ஊதியச் சீட்டு என எதுவும் சிறியதல்ல. உடன் படித்தவர்கள் வேறு நாட்டில் இருந்தால் அவர்களுடைய சான்றிதழின் நகலை வாங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில் எப்படிப்பட்ட சான்றிதழ் வழங்கியது, எந்தப் பாடங்களை நடத்தியது என்பதை அது காட்டிக்கொடுக்கும். கல்வி அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்துக்கும், மூடப்பட்ட நிறுவனத்தின் பதிவுகளை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதியதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். முயன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.