சிமெண்ட் பூசியும் தேவாலயச் சுவர் உதிர்வது ஏன்?

கேள்வி: எங்கள் தேவாலயம் 150 வருடத்துக்கு மேல் பழையது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. உள்சுவரின் அடிப்பகுதியில் காரை உதிர்ந்ததால் இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலேயும் உதிர்கிறது. நீர் புகாத ரசாயனம் கலந்து மறுபடி பூசலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஈரத்தை மேலே ஏற்றிவிட்டதே அந்தச் சிமெண்ட்தான்.

மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சும் ஈரம் இத்தனை காலமும் சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைத்ததும், ஈரம் பூச்சின் விளிம்பைத் தாண்டி ஏறுகிறது. அதில் கரைந்து வரும் உப்பு, தண்ணீர் காய்ந்ததும் செங்கல்லின் நுண்துளைக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே பொடியாக்குகிறது. விழுந்த சிமெண்ட் பாளம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் செங்கல்லின் தோல் சிவப்பாக ஒட்டியிருந்தால், சுவரே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்று அர்த்தம். எனக்கு மனசு பதறுவது அதைப் பார்க்கும்போதுதான்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்று வந்தாலே பாதி தெரிந்துவிடும்: அடைத்த மழைநீர்க் குழாய், உள்தரையைவிட உயர்ந்துவிட்ட வெளிமண், சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தளம். இவற்றைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் வீண்.

அப்புறம் சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுக்க வேண்டும், இயந்திரம் வேண்டாம். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அது திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். சுவரைச் சில மாதம் அப்படியே ஆறவிடுங்கள். அவலட்சணமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பிறகு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. சுமார் 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒவ்வொரு பூச்சாகப் போட்டு, ஈரச் சாக்கால் மூடி நிதானமாக இறுக விடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் கெட்டியாகிறது, அவசரப்படுத்தினால் வெடிக்கும். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் மறுபடி அதே கதை.

சபையில் யாராவது "நவீன முறை இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டால், பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தைக் காட்டுங்கள். பாரம்பரிய முறை போதாது என்று தெரிந்த இடத்தில்தான், பலன் நிரூபணமான நவீன முறைக்கு அது இடம் தருகிறது. உங்கள் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். முதலில் ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டர் பூசி, ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.