காக்னிட்டிவ் டிசனன்ஸ் (அறிதல் முரண்பாடு) என்றால் என்ன?

நம்புவது ஒன்று, செய்தது வேறொன்று என்று ஆகும்போது எழும் உறுத்தல்தான் இது. செய்ததை மாற்ற முடியாது. அதனால் மனம் கருத்தைத் திருத்திக்கொள்கிறது.

உளவியலாளர்கள் லியான் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் படு சலிப்பான வேலையைச் செய்தார்கள். அப்புறம் அடுத்து வருபவரிடம் ‘சுவாரசியமாக இருந்தது’ என்று சொல்ல வேண்டும். அதற்குச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். பிறகு விசாரித்தால், வேலை ஓரளவு பிடித்திருந்தது என்றவர்கள் 1 டாலர்காரர்கள்! 20 டாலருக்காகப் பொய் சொன்னேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 1 டாலருக்கு அது எடுபடாதே.

அதிக விலை கொடுத்து வாங்கிய செருப்பு காலைக் கடித்தாலும், ‘நல்ல தோல், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நாமே வக்காலத்து வாங்குவோமே, அது மாதிரி.

இதைப் பாசாங்கு என்று பலர் நினைக்கிறார்கள். பாசாங்கு செய்பவருக்குத் தான் நடிப்பது தெரியும். இங்கே கருத்து நிஜமாகவே மாறிவிடுகிறது.