ஈறு சிகிச்சை செய்தால் சுகர் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) 8.2. பிரஷருக்கு அம்லோடிபின், கூடவே ஆஸ்பிரின் 75. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, கீழ் முன்பற்கள் லேசாக ஆடுகின்றன. 'டீப் கிளீனிங்' செய்ய நான்கு முறை வரச் சொல்கிறார் பல் மருத்துவர். செய்தால் சுகரும் குறையும், இதயத்துக்கும் நல்லது என்கிறார். வீட்டிலோ, "கிளீன் பண்ணினால் இருக்கிற பல்லும் ஆடிப்போகும், தாத்தா காலத்தில் யார் இதெல்லாம் செய்தார்கள்" என்கிறார்கள். எதை நம்புவது? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: சுகர் கொஞ்சம் குறையும், அதற்கு ஆதாரம் இருக்கிறது. இதயம் பற்றி அதே உறுதியுடன் சொல்ல முடியாது. பற்கள் ஆடத் தொடங்கிவிட்டதால், இந்த இரண்டுக்காக இல்லாவிட்டாலும் சிகிச்சை உங்களுக்குத் தேவைதான்.

சர்க்கரையும் ஈறும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கெடுக்கும். சர்க்கரை ஏறினால் வெள்ளை அணுக்களின் வேலைத்திறன் குறைகிறது, ஈறுப் புண் ஆறத் தாமதமாகிறது, பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறது. எதிர்ப்பக்கம், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உண்டாகும் பள்ளத்தில் கிருமிகள் குடியிருப்பதால் அங்கே அழற்சி ஓயாமல் நடக்கிறது. அதில் உருவாகும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. ஈறு அழற்சியை அடக்கினால் இன்சுலினுக்கு வழி கொஞ்சம் திறக்கும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் கணக்கு.

அந்தக் கணக்கு நடைமுறையில் பலிக்கிறதா? 2013-ல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த சோதனையில் பலிக்கவில்லை. ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சுகரில் வித்தியாசமே இல்லை. 'ஈறுக்கும் சுகருக்கும் சம்பந்தமில்லை' என்று சிலர் அப்போதே முடிவுகட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வின் உள்விவரத்தைப் பார்த்தால், சிகிச்சைக்குப் பிறகும் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்ட இடங்களில் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது. வாய் சுத்தமாகவே இல்லை, பிறகு சுகர் எப்படி இறங்கும்? 2018-ல் லண்டனில் 264 பேரிடம் நடந்த சோதனையில், ஈறுக்கு அடியில் முழுமையாகச் சுத்தம் செய்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையும் செய்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்தொடர்ந்தார்கள். மற்றொரு குழுவுக்கு மேலோட்டமான கிளீனிங் மட்டும். இரண்டு குழுவுமே 8.1-ல் தொடங்கின. ஒரு வருட முடிவில் மேலோட்டக் குழு 8.3, முழுச் சிகிச்சைக் குழு 7.8. 2022-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43, ஆறு மாதத்தில் 0.30 குறைவு தெரிந்தது. ஒரு மாத்திரை கூட்டாமல் இவ்வளவு குறைவது நல்ல விஷயம்தான். ஆனால் 8.2-லிருந்து 6.5-க்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடு, நடை, மாத்திரை எல்லாம் அப்படியே தொடர வேண்டும்.

ஆகவே கிளீனிங் செய்துகொண்டீர்களா என்பதைவிட, எவ்வளவு முழுமையாகச் செய்தார்கள் என்பது முக்கியம். அதை நீங்களே சரிபார்க்கலாம். தொடங்கும் முன் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில், மி.மீ. கோடு போட்ட மழுங்கலான கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார்கள். 28 பல் இருந்தால் 168 எண்கள். 1 முதல் 3 மி.மீ. வரை நல்ல ஈறு. 4, 5 என்றால் பள்ளம் விழத் தொடங்கிவிட்டது. 6-ம் அதற்கு மேலும் ஆழமான பள்ளம், அங்கே உங்கள் பிரஷ் போகவே போகாது. இந்த எண்கள் எழுதிய தாளையும், எங்கெங்கே ரத்தம் கசிந்தது என்ற குறிப்பையும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆழமே அளக்காமல் பத்து நிமிடத்தில் 'கிளீன்' செய்து அனுப்பினால் அது மேல் கறை நீக்கம் மட்டுமே.

டீப் கிளீனிங்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்வுக் கருவியாலும் கைக்கருவியாலும் வேர் மேல் ஒட்டிய காரையை (கெட்டிப்பட்ட பல் அழுக்கை) சுரண்டி எடுப்பார்கள். ஈறுக்கு அடியில் இருப்பது கறுப்பாக, கெட்டியாக வேரோடு ஒட்டியிருக்கும், அவசரப்பட்டால் மிச்சமாகிவிடும். வாயை நான்கு பகுதியாகப் பிரித்து நான்கு முறை வரச் சொல்வது இதனால்தான். காலையில் போவது நல்லது. வழக்கமான மாத்திரை, டிபன் இரண்டும் எடுத்துக்கொண்டே போங்கள். உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், மென்றால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். கிளிமிபிரைடு போட்டுவிட்டு அந்த நேரம் முழுக்க வெறும் வயிறாக இருந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆஸ்பிரின் 75-ஐ நிறுத்தத் தேவையில்லை, கசிவை அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். செயற்கை இதய வால்வு வைத்தவர்களும், முன்பு இதய உட்சவ்வில் கிருமித்தொற்று வந்தவர்களும், சில வகைப் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக அமாக்சிசிலின் 2 கிராம் தேவைப்படும். மற்ற பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். கிளீனிங்குக்குப் பதிலாக ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்டுத் தப்பிக்கவும் முடியாது, காரையில் ஒட்டிய கிருமிப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது.

உங்கள் மருந்துச் சீட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், குறிப்பாக முன்பற்களின் இடைவெளியில். அழுக்கும் சேர்ந்தால் இன்னும் தடிக்கும். உங்களுக்கு அப்படி இருந்தால் வேறு பிரஷர் மாத்திரைக்கு மாறலாமா என்று உங்கள் பொது மருத்துவரிடம் கேளுங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள்.

'கிளீன் செய்தால் பல் ஆடும்' என்ற பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று சுவர்போல் இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் காரை அங்கேதான் அதிகம் படியும். எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பற்களை அந்தக் காரை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல்லிடையில் சந்தும் தெரியும், சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். அழற்சி அடங்கியதும் லேசான ஆட்டம் பல நேரங்களில் இறுகிவிடும். கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் போதும்.

தாத்தா கதைக்கும் பதில் உண்டு, அதுவும் தமிழர்களிடமிருந்தே. 1970-ல் ஹரால்ட் லோ என்ற நார்வே பேராசிரியரின் குழு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் வழக்கமில்லாத 480 தமிழ் ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 வருடம் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் வாய் நிறையக் காரை, ஈறு வீக்கம். ஆனாலும் 11 சதவீதத்தினருக்கு நோய் அதைத் தாண்டவே இல்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக முற்றியது. 8 சதவீதத்தினருக்கு வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பற்களே போய்விட்டன. தாத்தா அந்த 11-ல் ஒருவராக இருந்திருக்கலாம். பல் ஆடும் நீங்கள் அதில் இல்லை.

இதயத்துக்கு வருவோம். ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது பல கணக்கெடுப்புகளில் தெரிகிறது. ஆனால் புகையும் சர்க்கரையும் இரண்டு நோய்க்கும் பொதுவான காரணங்கள். 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லா ஆய்வுகளையும் அலசி, தொடர்பு உண்டு, ஈறு நோய்தான் காரணம் என்பதற்கு நிரூபணமில்லை என்றது. 2007-ல் 120 பேரிடம் செய்த ஆய்வில், தீவிர ஈறு சிகிச்சைக்கு மறுநாள் ரத்தக்குழாய்களின் விரியும் திறன் குறைந்து, அழற்சி அளவு ஏறியது. இரண்டாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ரத்தக்குழாய் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. நம்பிக்கையூட்டும் சேதிதான், ஆனாலும் ஈறு சிகிச்சை மாரடைப்பைக் குறைத்ததாக நிரூபித்த பெரிய சோதனை எதுவும் இல்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் டீப் கிளீனிங்கில் இறங்க வேண்டாம் என்பதற்கு அந்த மறுநாள் முடிவே போதும். ஞாபகமறதி நோயும் ஈறுக் கிருமியால்தான் என்று உலவும் வீடியோக்களை விட்டுவிடுங்கள். அந்தக் கிருமியைக் குறிவைத்த மருந்து 2021-ல் சோதனையில் தோற்றுவிட்டது.

வீட்டில் மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சிறிய அசைவாக இரண்டு நிமிடம், இரண்டு வேளை. ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தை விட்டுவிட்டால் இன்னும் அதிகமாக வரும். பிரஷ் போகாத சந்துகளுக்குப் பல்லிடை பிரஷ், தினம் ஒருமுறை. லேசாக உரசிக்கொண்டு நுழையும் அளவைப் பல் மருத்துவரே தேர்ந்தெடுத்துத் தரட்டும், சந்துக்குச் சந்து அளவு மாறும். 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 10 மி.லி. ஒரு நிமிடம் கொப்பளிக்கலாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டவுடன் கொப்பளித்தால் மருந்தின் வீரியம் போய்விடும், அரை மணி இடைவெளி விடுங்கள். செங்கல் பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும். எண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் 5 மி.மீ. பள்ளத்துக்குள் அது எட்டாது. புகை பிடிப்பவரானால் ரத்தம் வராததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி நோயை மறைக்கும்.

நான்காவது முறை முடிந்து மூன்று மாதம் கழித்து, எச்பிஏ1சி பரிசோதனையையும் ஈறு ஆழ அளவையும் ஒரே வாரத்தில் செய்துகொள்ளுங்கள். பழைய தாளோடு ஒப்பிடும்போது பெரும்பாலான எண்கள் 4-க்குக் கீழ் வந்து, கசிவும் நின்றிருக்க வேண்டும். எங்காவது 6 மி.மீ. மிஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். உங்கள் சுகர் அளவுக்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்குப் போவதுதான் சரி.